பிஸ்டன் தலை, வால்வு முகம், எக்ஸாஸ்ட் போர்ட்: வெப்பக் கோட்டிங் எங்கே போடலாம், எங்கே கூடாது?

எஸ்டீம்16வி:

வணக்கம். மாருதி எஸ்டீம் கார், 16 வால்வு எம்பிஎஃப்ஐ (பெட்ரோல் இன்ஜெக்‌ஷன்) எஞ்சின் முழுசா பிரிச்சு வெச்சிருக்கு. ஜி13பிபி, 74 × 75.5 மிமீ, 1298 சிசி, கம்ப்ரஷன் 9.5. போர் (சிலிண்டர் உள்சுவர்) தேயலை, ஸ்டாண்டர்டு சைஸ்லயே ஹோனிங் (கல் வெச்சு லேசா தேய்க்கிறது) பண்ணினா போதும். பிஸ்டன் நாலும் புதுசு, வார்ப்பு பிஸ்டன். டர்போ இல்லை. இருங்காட்டுக்கோட்டை டிராக்குல 20 நிமிஷ செஷன், மத்த நேரம் ரோட்டுலயும் ஓடும்.

பிரிச்சது பிரிச்சாச்சு, உள்ளே செராமிக் வெப்பக் கோட்டிங் போட்டுடலாம்னு யோசனை. ரெண்டு வழி தெரியுது. ஒண்ணு, பெயின்ட் மாதிரி ஸ்ப்ரே பண்ணி ஓவன்ல சுடுற ரெசின் வகை, 25-50 மைக்ரான். இன்னொண்ணு, பிளாஸ்மா ஸ்ப்ரே சிர்கோனியா, 250-300 மைக்ரான். கனமா இருந்தா வெப்பத்தை நல்லாத் தடுக்குமே, அதையே போட்டா என்ன? எந்தெந்த பாகத்துக்குப் போடணும், கம்ப்ரஷனும் க்ளியரன்ஸும் எவ்வளவு மாறும், ஸ்பார்க் டைமிங்கைத் தொடணுமா? கம்ப்ரசர், ஸ்ப்ரே கன் இருக்கு. பக்கத்துல பவுடர் கோட்டிங் பட்டறை இருக்கு. ரெசின் வகையை நாமே பண்ண முடியுமா?

லேத்பட்டறை:

கனமான கோட்டிங் இந்த எஞ்சினுக்கு வேண்டாம். காரணத்தைக் கணக்கோட சொல்றேன்.

பிளாஸ்மா ஸ்ப்ரே சிர்கோனியாவோட வெப்பக் கடத்துத்திறன் சுமார் 1 வாட்/மீ·கெல்வின். பிஸ்டன் அலுமினியத்துக்கு 140 பக்கம். ரெசின் வகையையும் 1-னே வெச்சுக்குங்க. அப்போ 40 மைக்ரான் பூச்சு 5.6 மிமீ கனமுள்ள அலுமினியம் தர்ற அளவுக்குத் தடை தரும். முழு லோடுல பிஸ்டன் தலைக்குச் சராசரியா சதுர மீட்டருக்கு 0.3-0.5 மெகாவாட் வெப்பம் இறங்கும். 40 மைக்ரானைத் தாண்டும்போது 12-20 டிகிரி வித்தியாசம் நிக்கும். 250 மைக்ரான்னா 75-125 டிகிரி. நீங்க நினைச்ச மாதிரி கனம் கூடக் கூட தடை கூடுறது உண்மைதான்.

ஆனா அந்த நூறு டிகிரி சூடு கோட்டிங்கோட மேல்பக்கத்துல, கலவை இருக்கிற இடத்துல நிக்குது. உறிஞ்சுற நேரத்துலயும் அது ஆறாது. உள்ளே வர்ற காத்தும் பெட்ரோலும் அந்தச் சூட்டுல விரிஞ்சு, சிலிண்டருக்குள்ள போற எடை குறையும். கடைசியா எரிய வேண்டிய ஓரக் கலவை முன்னாடியே சூடாகி, தானாவே வெடிச்சுத் தட்டுற நாக்கிங் ஆரம்பிக்கும். பெட்ரோல் எஞ்சினுக்கு இது நேரடி நஷ்டம்.

மெல்லிய பூச்சு வேற மாதிரி வேலை செய்யும். 6000 ஆர்பிஎம்ல எரியிற நேரம், 50 டிகிரி கிராங்க்னு எடுத்தா, ஒன்றரை மில்லிசெகண்டுக்கும் கம்மி. அந்த நேரத்துல இந்த மாதிரிப் பொருளுக்குள்ள வெப்பம் 20-30 மைக்ரான் ஆழம்தான் ஊடுருவும். அதனால 30-40 மைக்ரான் பூச்சோட மேல்தோல் எரியும்போது சட்டுனு சூடாகி, அடுத்த உறிஞ்சலுக்குள்ள பெருமளவு ஆறிடும். அதுக்கு மேல போடுற ஒவ்வொரு மைக்ரானும் நிரந்தரச் சூட்டைத்தான் கூட்டும்.

அடுத்தது விரிவு. 74 மிமீ வார்ப்பு பிஸ்டன் 200 டிகிரி சூடேறினா குறுக்களவு சுமார் 0.30 மிமீ விரியும். சிர்கோனியா அதே அளவுக்கு 0.15 மிமீதான் விரியும். மிச்ச 0.15 மிமீயை கோட்டிங்கும் அடியில இருக்கிற நிக்கல்-குரோம் பாண்ட் கோட்டும் (ஒட்டுப் பூச்சு) தாங்கணும். செஷனுக்குச் செஷன் சூடு, ஆறல், சூடு. முதல்ல விட்டுப் போறது ஓரம், வால்வு பாக்கெட்டோட (வால்வுக்கு இடம் விட்டு பிஸ்டன் தலையில இருக்கிற குழி) கூர்மையான விளிம்பு. உதிர்ந்த சில்லு சிலிண்டர் சுவரை விட நாலஞ்சு மடங்கு கடினம். டாப் ரிங் மேல உக்காந்து போர்ல கோடு போட்டுடும், புது ஹோனிங் வீண்.

ஆக, மெல்லிய ரெசின்-செராமிக், பிஸ்டன் தலைக்கு மட்டும். அதுவும் பவர் கூடும்னு எதிர்பார்த்துப் போடாதீங்க. டைனோவுல (பவர் அளக்கிற மெஷின்) வித்தியாசம் தெரியாமலே போகலாம். 20 நிமிஷ செஷன்ல பிஸ்டன் தலையும் டாப் ரிங் குரூவும் கொஞ்சம் குளிர்ச்சியா இருக்கும், ஆயில் குரூவுல கருகி ரிங் ஒட்டிக்கிறது தள்ளிப்போகும். அந்தப் பாதுகாப்புக்காகப் போடுங்க.

டீசல்காரர்:

மேல சொன்னதுக்கு வரலாறே சாட்சி. 1980-களோட தொடக்கத்துல கம்மின்ஸும் அமெரிக்க ராணுவமும் சேர்ந்து ‘அடியாபாட்டிக் எஞ்சின்’னு ஒண்ணை 5 டன் ராணுவ லாரியில வெச்சு ஓட்டினாங்க. ரேடியேட்டர் இல்லை, தண்ணி இல்லை. எரியறை முழுக்க வெப்பக் காப்பு. தண்ணிக்குப் போற வெப்பத்தை மிச்சம் பிடிச்சா அது பிஸ்டனைத் தள்ளும்னு கணக்கு. மிச்சமான வெப்பத்துல பெரும்பங்கு எக்ஸாஸ்ட் வழியா வெளியே போச்சு. அதைத் திரும்பப் பிடிக்க டர்போவும் அதுக்குப் பின்னாடி இன்னொரு டர்பைனும் தேவைப்பட்டது. அவ்வளவு சூட்டைத் தாங்குற ஆயில் கிடைக்கிறதும் பெரும்பாடு ஆச்சு.

அந்தப் பாடத்துல இருந்து வந்ததுதான் டொயோட்டா 2015-ல 1ஜிடி-எஃப்டிவி 2.8 லிட்டர் டீசல்ல கொண்டுவந்த முறை. ஃபார்ச்சூனர்ல இருக்கிற அதே எஞ்சின். பிஸ்டன் தலையில நுண்துளை உள்ள அனோடைஸ் அலுமினியப் படலம், துளை வாயை சிலிக்காவால அடைச்சிருப்பாங்க. கடத்துத்திறனும் குறைவு, தேக்கி வைக்கிற வெப்பமும் குறைவு. வாயு சூடாகும்போது சுவர் கூடவே சூடாகும், வாயு ஆறும்போது கூடவே ஆறும். எரியும் நேரத்துல சுவருக்குப் போற வெப்ப இழப்பு சுமார் 30 சதவீதம் குறையுதுன்னு டொயோட்டா அறிவிச்சது. லேத்பட்டறை சொன்ன அதே கணக்கு, ஒரு கம்பெனி முழுசாப் போட்டுப் பார்த்து எடுத்த முடிவு. அந்தப் படலத்தை வெளிப் பட்டறையில அப்படியே செய்ய முடியாது. ரெசின் கோட்டிங் விக்கிறவங்க அந்த 30 சதவீதத்தை எடுத்துச் சொன்னா நம்பாதீங்க, அது வேற பொருள், வேற எஞ்சின்.

துளையை ஏன் அடைக்கிறாங்கன்னும் கவனிங்க. அடைக்காத பூச்சுக்குள்ள பெட்ரோல் ஊறி, எரியாம வெளியே வரும். பிளாஸ்மா பூச்சோட மேல்பக்கம் சொரசொரப்பாவும் இருக்கும். சொரசொரப்புல வாயு உராயும் பரப்பு கூடி, தடுத்த வெப்பத்துல ஒரு பங்கு திரும்ப உள்ளே போயிடும்.

இன்னொண்ணு யோசிச்சுப் பாருங்க. கார்பன் படிஞ்ச எஞ்சின் ஏன் தட்ட ஆரம்பிக்குது? கம்ப்ரஷன் கூடுறது ஒரு பங்கு. அந்தக் கார்பனே ஒரு கனமான வெப்பக் கோட்டிங்கா நடந்துக்கிறது இன்னொரு பங்கு.

ஸ்ப்ரேகன்:

செய்முறைக்கு வர்றேன். ரெசின் வகையை நீங்களே பண்ணலாம். நூத்துல தொண்ணூறு தோல்வி கன் பிடிக்கிறதுல வர்றதில்லை, கழுவுறதுலயும் மறைக்கிறதுலயும்தான் வரும்.

முதல்ல எண்ணெய். புது பிஸ்டன்லயும் மெஷினிங் ஆயில் நுண்துளையில இருக்கும். அசிட்டோன்ல கழுவி, 150 டிகிரியில 1 மணி நேரம் சுடுங்க. எண்ணெய் வெளியே வந்து பழுப்புக் கறை காட்டும். திரும்பக் கழுவி, கறை வராத வரைக்கும் சுடுங்க. காஸ்டிக் சோடா தொட்டி பக்கமே கொண்டுபோகாதீங்க, அலுமினியத்தைத் தின்னுடும்.

அடுத்து மறைப்பு. ரிங் குரூவ் மூணும், டாப் லேண்டும் (டாப் ரிங்குக்கு மேல இருக்கிற பக்கச்சுவர்), ஸ்கர்ட்டும் (ரிங்குக்குக் கீழே இருக்கிற பக்கச்சுவர்), பின் ஹோலும் மூடணும். குரூவுக்குள்ள சிலிக்கான் கார்டு சுத்தி, அதுக்கு மேல வெப்பம் தாங்குற டேப் ரெண்டு சுத்து. பின் ஹோலுக்கு ரப்பர் கார்க். அடுத்து வர்ற பிளாஸ்டிங்ல (காத்தழுத்தத்துல மணல் அடிச்சுப் பரப்பைச் சொரசொரப்பாக்குறது) மணல் டாப் குரூவோட பக்கத்துல பட்டா அந்தப் பரப்பு குழிஞ்சு ரிங் சீல் ஆகாது. அந்தப் பிஸ்டனை அப்புறம் எடைக்குத்தான் போடணும்.

பிளாஸ்டிங்குக்கு 120 கிரிட் அலுமினியம் ஆக்சைடு, 40 பிஎஸ்ஐ, நாஸில் 15 செமீ தள்ளி, சாய்வா. கண்ணாடி உருண்டைத் தூள் வேண்டாம், பரப்பு வழுவழுப்பாகி பூச்சு பிடிக்காது. துருப்பிடிச்ச சேஸிஸுக்கு ஓட்டின பழைய மணலும் வேண்டாம், அதுல எண்ணெயும் இரும்புத் தூளும் இருக்கும். வேலை முடிஞ்சதும் தலை முழுக்க ஒரே சாம்பல் நிறத்துல, வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தா மினுக்கு எங்கேயும் இல்லாம இருக்கணும். வால்வு பாக்கெட் மூலையில மினுக்கு தெரிஞ்சா அங்கேதான் முதல்ல உரியும். கூர்மையான விளிம்பை பிளாஸ்டிங்குக்கு முன்னாடியே அரை மிமீ ஆரத்துக்கு உருட்டிடுங்க. அந்தக் கூர் விளிம்பு நாக்கிங்குக்கும் விதை.

டேப்பைப் பிரிச்சு, காத்தடிச்சு, அல்ட்ராசோனிக் தொட்டியில போடுங்க. இல்லாட்டி சோப்புத் தண்ணியும் நைலான் பிரஷும். ஆயில் ரிங் குரூவோட ஓட்டைகள் ஒவ்வொண்ணுலயும் கம்பி விட்டுப் பாருங்க. ஒரு துகள் அலுமினியம் ஆக்சைடு உள்ளே தங்கினா பேரிங் போயிடும். இதுக்கு அப்புறம் வெறுங்கை படக்கூடாது, நைட்ரைல் கையுறை. திரும்ப மறைச்சு, பிஸ்டனை 50-60 டிகிரிக்குச் சூடு பண்ணி வெச்சுக்குங்க. சூடான பரப்புல பூச்சு வழியாது.

டப்பாவை நல்லா ஆட்டணும். செராமிக் துகள் அடியில கல்லு மாதிரி உக்காந்திருக்கும். கம்பி விட்டுப் பார்த்து அடியில ஒண்ணும் தடுக்காத வரைக்கும் ஆட்டுங்க, அப்புறம் வடிகட்டுங்க. 0.8 மிமீ நாஸில் கன், 12-15 செமீ தூரம், குறுக்கும் நெடுக்குமா ரெண்டு மெல்லிய பூச்சு. பாக்கெட் மூலைக்கு முதல்ல ஒரு தொடுதல், அப்புறம் முழுத் தலை. மூலையில தேங்கின பூச்சு சுடும்போது கொப்புளிக்கும். நிறம் தெரிஞ்சா போதும்னு பூசிட்டு 10 மைக்ரான்ல நிறுத்துறதும் தப்பு, மூணாவது, நாலாவது தரம் பூசி 80-க்குப் போறதும் தப்பு. சுட்டபின் 30-40 இருக்கணும்.

20 நிமிஷம் காய விட்டு ஓவன். பிஸ்டன் ரெசின்ல பெரும்பாலானது 150 டிகிரி, 1 மணி நேரம். உங்க டப்பாவுல வேற எழுதியிருந்தா அதுதான் சட்டம். நேரத்தை எண்ண ஆரம்பிக்க வேண்டியது பிஸ்டன் உலோகம் 150-ஐத் தொட்ட பிறகு. தெர்மோகப்பிளை பின் ஹோலுக்குள்ள தொட வெச்சுப் பாருங்க. ஓவன் டயல் காட்டுறது காத்தோட சூடு. பவுடர் கோட்டிங் ஓவன் 180-200-ல ஓடிக்கிட்டிருக்கும், அவங்க வேலையோட சேர்த்து உள்ளே தள்ளாதீங்க, தனியா 150 வெக்கச் சொல்லுங்க. 180-200-ல ரொம்ப நேரம் கிடந்தா பிஸ்டனோட கடினப்பதம் இறங்கும், பின் பாஸ் பகுதிக்கு அது ஆகாது. சமையல் ஓவன்ல கண்டிப்பா வேண்டாம், ரெசின் புகை விஷம்.

நல்ல பிஸ்டனைத் தொடுறதுக்கு முன்னாடி பழைய பிஸ்டன் ஒண்ணுல முழு வேலையையும் செஞ்சு பாருங்க. சுட்டதும் பிளேடால கட்டம் கீறி டேப் ஒட்டி உரியுங்க. அப்புறம் 250 டிகிரிக்குச் சூடாக்கி தண்ணியில முக்குங்க, பத்து தரம். கீறின ஓரம் தூக்காம இருந்தா உங்க கழுவலும் பிளாஸ்டிங்கும் சரி.

எஸ்டீம்16வி:

ரொம்ப நன்றி, பிளாஸ்மா யோசனையை விட்டாச்சு. கனத்தை எதால அளக்கறது? வால்வுக்கும் ஸ்கர்ட்டுக்கும் போடலாமா? கம்ப்ரஷன் கணக்கும் இன்னும் புரியலை.

லேத்பட்டறை:

அலுமினியத்து மேல இருக்கிற பூச்சுக்கு எடி கரன்ட் வகை கனமானி. பெயின்ட் கனம் பார்க்க விக்கிற சின்ன மீட்டர்ல இரும்பு, அலுமினியம் ரெண்டுக்கும் வர்றதா வாங்குங்க. பூசாத பிஸ்டன் தலையில வெச்சு பூஜ்யம் பண்ணிட்டு அளக்கணும். எக்ஸாஸ்ட் வால்வுல இந்த மீட்டர் குழப்பும். அந்த ஸ்டீல் பெரும்பாலும் காந்தம் ஒட்டாத வகை, அதனால இரும்பு அமைப்புல வேலை செய்யாது, அலுமினிய அமைப்பும் தப்பா காட்டும். வால்வை பூசறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் மொத்த நீளத்தை மைக்ரோமீட்டர்ல அளந்து கழிச்சுக்குங்க.

கம்ப்ரஷன்: 74 மிமீ போருக்குப் பரப்பு 43 ச.செமீ. 40 மைக்ரானுக்கு 0.17 சிசி. ஒரு சிலிண்டர் 324.7 சிசி, 9.5 கம்ப்ரஷனுக்கு மேலறை (பிஸ்டன் உச்சியில இருக்கும்போது மிஞ்சுற இடம்) 38.2 சிசி. பிஸ்டன் தலை மட்டும் பூசினா 9.54. ஹெட் அறையையும் பூசினா 9.58 பக்கம் வரும். கவலைப்பட வேண்டியதில்லை. நீங்க கேட்ட 250 மைக்ரான்னா பிஸ்டன்ல மட்டும் 1.08 சிசி போய் 9.75 ஆகியிருக்கும். எடை ஒரு பிஸ்டனுக்கு அரை கிராம் பக்கம் கூடும், நாலையும் பூசினப்புறம் எடை பார்த்து சமன் பண்ணுங்க, முன்னாடி பண்ணி பிரயோஜனமில்லை.

ஸ்கர்ட் வேற சமாச்சாரம். அங்கே போடுறது வெப்பத் தடுப்பு இல்லை, கிராஃபைட் அல்லது மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த வழுக்குப் பூச்சு. அடைச்ச டப்பா ரெண்டும் ஒரே மாதிரி இருந்தாலும் மாத்திப் பூசிடாதீங்க, செராமிக் துகள் ஸ்கர்ட்ல இருந்தா போரைத் தேய்ச்சுடும். பக்கத்துக்கு 12 மைக்ரான் போட்டா குறுக்களவு 0.024 மிமீ கூடும். சின்ன பெட்ரோல் எஞ்சின்ல மொத்த க்ளியரன்ஸே 0.02-0.04 மிமீ அளவுதான். போரை மாத்தாம பூசினா சூட்டுல பிஸ்டன் பிடிச்சுக்கும். பூசறதா இருந்தா முதல்ல பூசி, சுட்டு, மேனுவல் சொல்ற உயரத்துல, பின்னுக்குக் குறுக்கே அளந்து, அந்தந்த பிஸ்டனுக்கு ஏத்த மாதிரி அந்தந்த போரை ஹோன் பண்ணணும். பிஸ்டன்ல சிலிண்டர் நம்பர் எழுதுங்க. உங்க பிஸ்டன்ல கம்பெனியே கறுப்பா பிரிண்ட் பண்ணியிருந்தா அதுமேல எதுவும் வேண்டாம்.

பிஸ்டனோட அடிப்பக்கத்தைப் பூசவே கூடாது. ஆயில் தெறிச்சு வெப்பத்தை எடுத்துட்டுப் போறது அங்கேதான்.

ஹெட்வேலை:

வால்வைப் பத்தி: எரியறையைப் பார்க்கிற முகத்துக்கு மட்டும் போடுங்க. வால்வு குளிர்றது பெரும்பாலும் சீட் வழியா, மிச்சம் தண்டு, கைடு வழியா. அதனால சீட் வளையத்துலயும் தண்டுலயும் ஒரு துளி படக்கூடாது. சீட் கட்டிங், கிரைண்டிங் முடிச்சு, கடைசியா கோட்டிங். அப்புறம் லேப்பிங் (பேஸ்ட் வெச்சு வால்வையும் சீட்டையும் உரசிப் பொருத்துறது) லேசா ஒரு தரம், பேஸ்ட் முகத்துல ஏறாம. இன்டேக் வால்வோட முதுகுப் பக்கமும் பூசலாம், உள்ளே வர்ற காத்து சூடாகிறது குறையும். சோடியம் நிரப்பின வால்வை பிளாஸ்டிங், ஓவன்னு எதுலயும் விடாதீங்க. உங்க எஞ்சின்ல அது இல்லை, படிக்கிற மத்தவங்களுக்காக எழுதறேன்.

ஹெட் அறைக்கு நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். அலுமினிய ஹெட், பக்கத்துலயே தண்ணி, அது நல்லாவே குளிருது. அங்கே சுவரைச் சூடாக்கி நாக்கிங்கை விலைக்கு வாங்கறதுல அர்த்தமில்லை. பிளக் திரெட்டுக்குள்ள பூச்சு இறங்கினா பிளக்கோட வெப்பமும் தடைபடும்.

எக்ஸாஸ்ட் போர்ட் நியாயமான இடம். அங்கே தடுக்கிற வெப்பம் ஹெட்டுக்கும் தண்ணிக்கும் போகாம வெளியே போகுது, எரியறைக்குத் தொல்லை இல்லை. 1985-ல வந்த போர்ஷே 944 டர்போவுல எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள்ள செராமிக் லைனரையே வெச்சு வார்த்தாங்க. டர்போ எஞ்சினுக்கு ரெட்டை லாபம், டர்பைனுக்குச் சூடு கூடுதலா போகும். ஆனா போர்ட் வளைவுக்குள்ள பிளாஸ்டிங் சீரா பிடிக்காது. கை எட்டாத இடத்துல பிடிக்காத பூச்சு டர்போ வண்டியில டர்பைன் இறக்கைக்குத்தான் போகும். டர்போ இல்லாத உங்க வண்டிக்கு அந்தக் காசை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல போடுங்க. உள்ளும் வெளியும் செராமிக் பூச்சு. பானெட்டுக்குள்ள சூடு இறங்கும், இன்டேக் காத்து குளிரும், எஞ்சினைப் பிரிக்கவும் வேண்டாம். துணி மாதிரி சுத்துற ராப் சாதா ஸ்டீல் மேனிஃபோல்டுல ஈரத்தைப் பிடிச்சு வெச்சுத் துருவை வளர்க்கும், கோட்டிங்கே மேல்.

ஸ்ப்ரேகன்:

டைமிங் கேட்டிருந்தீங்க. பிஸ்டன் தலை மட்டும் 30-40 மைக்ரான்னா கம்பெனி டைமிங்லயே ஆரம்பிங்க, அட்வான்ஸ் கூட்டாதீங்க. நாக்கிங்கைக் காதால கேளுங்க, அதை விட பிளக்கைப் பாருங்க. வெள்ளைப் பீங்கான்ல மிளகுத்தூள் தெளிச்ச மாதிரி புள்ளி இருந்தா உடனே 2 டிகிரி குறைங்க. மேனிஃபோல்டுக்கும் பூசினா எக்ஸாஸ்ட் சூடு முன்னை விட மேலே காட்டலாம். அதைப் பார்த்து லீனா (பெட்ரோல் கம்மியா) ஓடுதுன்னு பெட்ரோலைக் கூட்டிடாதீங்க, காத்து-பெட்ரோல் விகிதம் காட்டுற வைட்பேண்ட் மீட்டர் சொல்றதைக் கேளுங்க.

முதல் 30 நிமிஷ ஓட்டத்துக்கு அப்புறம் ஆயிலை இறக்கி, ஃபில்டரை வெட்டிப் பாருங்க. காகித மடிப்பை விரிச்சு வெயில்ல பிடிங்க. கறுப்பா மெத்துனு கையில நசுங்கினா ரெசின் தூள், மறைப்பைத் தாண்டி எங்கோ படிஞ்சது உதிர்ந்திருக்கு, ஒரு தரத்தோட நின்னா பரவாயில்லை. நகத்துல அழுத்தி கண்ணாடியில தேய்ச்சா கீறல் விழுற துகள் இருந்தா அது பிளாஸ்டிங் மணல். அன்னைக்கே சம்பை (அடியில இருக்கிற ஆயில் தொட்டி) கழட்டி பேரிங்கைப் பாருங்க, இன்னொரு செஷன் ஓட்டிப் பார்க்கலாம்னு நினைக்காதீங்க. முதல் டிராக் நாளுக்கு அப்புறம் பிளக் ஓட்டை வழியா போரோஸ்கோப் (குழாய் கேமரா) விட்டு, இன்டேக் பாக்கெட் விளிம்பை நாலு சிலிண்டர்லயும் படம் எடுத்து வெச்சுக்குங்க. அடுத்த தரம் அதே இடத்தோட ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.